துப்பிவிட்டால் குழந்தைக்குப் போகாதா?

இந்த மாதமும் ஒரு குழந்தை. நிறைமாதத்தில் பிறந்தும் எடை 1.9 கிலோதான். குறைந்தது 2.5 கிலோவாவது இருந்திருக்க வேண்டும். தாய் நடவு வேலைக்குப் போகிறவர். கேஸ் ஷீட்டில் 'புகை, மது பழக்கம் இல்லை' என்று எழுதியிருந்தது. அது பொய்யில்லை. வாயில் அடக்கும் புகையிலையைப் பற்றி அவரிடம் யாருமே கேட்கவில்லை, அவ்வளவுதான். சக மருத்துவர்களே, செவிலியர்களே, 'கெட்ட பழக்கம் உண்டா?' என்று கேட்காதீர்கள். 'வெத்தலை போடுவீங்களா, கூட போயிலை உண்டா?' என்று கேளுங்கள். பதில் வேறாக வரும்.

எங்கள் டெல்டாப் பக்கம் பெண்கள் சிகரெட் பிடிப்பது அரிது. ஆனால் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர்கள் பலரின் இடுப்பில் சுருக்குப்பை இருக்கும். போயிலை அடக்கினால் பசி தெரியாது, நாளெல்லாம் குனிந்து நின்ற அலுப்பும் தெரியாது. பல்வலிக்கென்று தொடங்கியவர்களும் உண்டு. மசக்கையில் குமட்டினால், 'ஒரு துண்டு அடக்கிக்கடி, நின்னுடும்' என்று வீட்டுப் பெரியவர்களே எடுத்துக் கொடுக்கிறார்கள்.

நிறுத்தச் சொன்னால் வரும் பதில்: 'முழுங்க மாட்டேன் டாக்டரம்மா, துப்பிடுவேன்.'

இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. வீட்டில் தாத்தாவுக்கு நெஞ்சுவலி வந்தால் நாக்குக்கு அடியில் மாத்திரை வைக்கிறீர்களே, அவர் அதை விழுங்கியா வலி குறைகிறது? வாயின் உள்தோல் வழியாகவே மருந்து ரத்தத்தில் கலக்கிறது. நிகோட்டினும் அதே வழியில்தான் போகிறது. கூடச் சேரும் சுண்ணாம்பு அதை இன்னும் வேகமாக உறிஞ்ச வைக்கிறது. அரைமணி நேரம் கன்னத்தில் ஒதுக்கி வைத்துவிட்டுத் துப்பும்போது வெளியே வருவது சக்கைதான். நிகோட்டின் அதற்குள் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையிடம் போய்விட்டிருக்கும். 'சுண்ணாம்பில் கால்சியம் இருக்கே' என்பவர்களுக்கு: கால்சியம் மாத்திரையை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே தருகிறோம்.

எடைக்குறைவு, குறைப்பிரசவம், வயிற்றிலேயே குழந்தை இறப்பது, தாய்க்கு ரத்தசோகை எல்லாம் இதில் வரும். புகையிலை இல்லாத வெறும் பாக்கும் வேண்டாம். பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே அறிவித்துவிட்டது. வெற்றிலையோடு எனக்குச் சண்டையில்லை. கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நானும் மகிழ்ந்தேன். வளைகாப்புத் தாம்பூலத்தில் தாராளமாக வையுங்கள்.

மதுவில் 'கொஞ்சம் பரவாயில்லை' என்ற அளவே கிடையாது. குழந்தையின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும். பிரசவித்தவளுக்கு உடம்புவலிக்கென்று பிராந்தி கொடுக்கும் வழக்கத்தையும் விடுங்கள், அது தாய்ப்பாலில் போகும். கணவர்மார்களே, பீடியை வீட்டுக்குள் பற்றவைக்காதீர்கள். வாசலில் பிடிப்பதைவிட விட்டுவிடுவதே நல்லது.

மாமியார்மாரிடம் ஒரு வேண்டுகோள். ஆறு பிள்ளை பெற்றேன், ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லாதீர்கள். அந்தக் காலத்தில் பிறந்த பிள்ளையை யார் எடை போட்டுப் பார்த்தார்கள்? மருமகள் விட நினைக்கும்போது நீங்களும் பையை ஓரமாக வையுங்கள். வாய் பரபரத்தால் சோம்பு, ஏலக்காய் போதும். எந்த மாதத்தில் நிறுத்தினாலும் பலன் உண்டு. முடியவில்லையென்றால் 1800 11 2356 என்ற இலவச எண்ணில் ஆலோசனை கிடைக்கும். கிராம சுகாதார செவிலியரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள்.

பிரசவத்துக்குப் பிறகும் விட முடியாதவர்கள், அதற்காகத் தாய்ப்பாலை நிறுத்திவிடாதீர்கள். பால் கொடுத்துக்கொண்டே எங்களிடம் வாருங்கள், போயிலையை நிறுத்த நாங்கள் உதவுகிறோம்.