ஒரு மரபணுவை நீக்கினால் தாய் எலி குட்டியைக் கைவிட்டுவிடுமா?

"தாய்ப்பாசத்துக்கான மரபணு கண்டுபிடிப்பு" என்ற தலைப்பில் அவ்வப்போது செய்திகள் வருகின்றன. அந்த முடிவு ஆய்வுக்கூடத்தில் எப்படிக் கிடைத்தது என்று தேடிப் பார்த்தால், மரபணு நீக்கப்பட்ட சுண்டெலி ஈன்ற குட்டிகள் ஒன்றிரண்டு நாளில் இறந்துபோயின என்பதுதான் பெரும்பாலும் தொடக்கமாக இருக்கும். குட்டி இறந்ததற்கும் தாய் பாசமற்றுப் போனதற்கும் நடுவே பல படிகள் உண்டு. அவற்றை ஒவ்வொன்றாகச் சோதிக்காமல் எந்த மரபணுவுக்கும் பாசத்தின் பெயரைச் சூட்டக்கூடாது என்பதே எங்கள் நிலைப்பாடு.

சுண்டெலிக் குட்டி பிறக்கும்போது கண் திறந்திருக்காது, உடலில் ரோமம் இருக்காது, உடல் வெப்பத்தைத் தானாகக் காத்துக்கொள்ளவும் முடியாது. தாய்தான் சவ்வை நக்கிச் சுத்தம் செய்து, நஞ்சுக்கொடியைத் தின்று, கூடு கட்டி, விலகிப்போன குட்டியை வாயால் கவ்விக் கூட்டுக்குக் கொண்டுவந்து, மேலே கவிந்து நின்று பால் கொடுக்க வேண்டும். தாய்-குட்டிப் பிணைப்பு என்று ஒரே சொல்லில் நாம் சொல்வது இத்தனை செயல்களின் தொகுப்பு. மோப்பம், செவிப்புலன், ஹார்மோன், பால் சுரப்பு ஆகியவற்றில் எது பழுதானாலும் விளைவு ஒன்றுதான்: குட்டி பிழைக்காது.

ஆக்சிடோசின் என்ற ஹார்மோனையே எடுத்துக்கொள்வோம். 1996-ல் ஆக்சிடோசின் மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளை உருவாக்கினார்கள். அவை இயல்பாகக் கருவுற்றன, ஈன்றன, குட்டிகளை அரவணைத்தன. ஆனாலும் குட்டிகள் இறந்தன. பால் சுரந்திருந்தும் காம்பு வழியே வெளியேறவில்லை. தாய்க்கு ஆக்சிடோசின் ஊசி போட்டதும் குட்டிகள் பிழைத்தன. அங்கே குறைபட்டது பால் வெளியேற்றம் மட்டுமே. அதே ஹார்மோனைச் செல்லில் பற்றிக்கொள்ளும் புரதமான ஏற்பியை நீக்கிய சுண்டெலிகளில் குட்டிகளைக் கவ்வி வருவதில் குறைபாடு தெரிந்ததாக 2005-ல் முடிவு வந்தது. ஹார்மோனை நீக்குவதும் ஏற்பியை நீக்குவதும் ஒன்றல்ல.

இதற்கு நேர்மாறானது ஃபாஸ்-பி மரபணு. அதை நீக்கிப் பார்த்த ஆய்வும் 1996-லேயே வெளியானது. அதில், மரபணு இல்லாத தாய்களின் பால் சுரப்பிகளிலும் ஹார்மோன்களிலும் குறை காணப்படவில்லை. தாய் குட்டிகளை முகர்ந்து பார்த்தது, பிறகு விட்டுவிட்டது. அக்குட்டிகளை வேறு தாயிடம் வளர்த்தபோது பிழைத்தன. இப்படிப் பிற வழிகளை அடைத்துக்கொண்டே வந்த பிறகு சொல்லப்படும் முடிவுக்குத்தான் எடை உண்டு. மூளையில் செய்தி கடத்தும் நார்அட்ரினலின் சுரக்கத் தேவையான நொதியின் மரபணுவை நீக்கிய 1997 ஆய்வும் இந்த வகைதான். அங்கே ஈனுவதற்குச் சற்று முன்பு மருந்து மூலம் நார்அட்ரினலினை மீட்டுக் கொடுத்தபோது பெரும்பாலான தாய்கள் குட்டிகளைப் பேணின.

தந்தைவழிப் பிரதி மட்டுமே வேலை செய்யும் மரபணுக்களும் இதில் உண்டு. மெஸ்ட், பெக்3 இரண்டும் அப்படிப்பட்டவை. ஒரு பெண் எலி தன் தந்தையிடமிருந்து பெற்ற பிரதி, அது தாயாகும்போது நடந்துகொள்ளும் விதத்தைப் பாதிக்கலாம் என்பது உண்மையிலேயே வியப்புக்குரியது. ஆனால் பெக்3 பற்றி 1999-ல் வந்த முடிவை, வேறு முறையில் அதே மரபணுவை முடக்கிய 2016 ஆய்வால் உறுதிசெய்ய முடியவில்லை. தாய்மை நடத்தையில் குறை தெரியவில்லை. முதல் செய்தி பரவிய அளவுக்கு இரண்டாவது பரவவில்லை.

பிணைப்பில் குட்டிக்கும் பங்குண்டு. தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட குட்டி, மனிதக் காதுக்கு எட்டாத மீயொலியில் கூப்பிடும். வலி தணிப்போடும் இன்ப உணர்வோடும் தொடர்புள்ள மியூ வகை ஓபியாய்டு ஏற்பியின் மரபணு இல்லாத குட்டிகள் பிரிவின்போது குறைவாகவே கூப்பிட்டன என 2004-ல் தெரியவந்தது. ஆனால் குளிருக்கும் அந்நிய ஆண் எலியின் வாடைக்கும் அவை இயல்பாகவே குரல் கொடுத்தன. குரல்வளை பழுதில்லை என்பதற்கு இதுவே சான்று.

சரி, சோதனையை எப்படிச் செய்ய வேண்டும்? தாயை அதன் சொந்தக் கூண்டிலேயே சோதிக்க வேண்டும். குட்டிகளைச் சிறிது நேரம் வெதுவெதுப்பான இடத்தில் வைத்திருந்து, கூட்டுக்கு எதிரேயுள்ள மூன்று மூலைகளில் மூன்று குட்டிகளை வைப்பது வழக்கம். முதலில் முகர எவ்வளவு நேரம், ஒவ்வொன்றையும் கூட்டில் சேர்க்க எவ்வளவு நேரம், மேலே கவிந்து நின்றதா என்று தனித்தனியாகக் குறிக்க வேண்டும். குட்டியின் வயிற்றில் இடப்பக்கம் தோலுக்கு உள்ளே வெள்ளையாகப் பால் தெரிகிறதா என்று பார்க்கத் தவறக்கூடாது. பால் குடித்ததற்கு அதைவிட எளிய அடையாளம் கிடையாது. குட்டி குளிர்ந்தால் அதன் அழைப்பு மாறும், தாயின் பதிலும் மாறும். கையுறையில் வாசனை ஒட்டியிருந்தாலும் முடிவு கெடும். முதல் ஈற்றுத் தாயையும் முன்பே ஈன்ற தாயையும் ஒரே கணக்கில் சேர்க்கவே கூடாது.

அதைவிட நுட்பமான சிக்கல் குட்டிகளின் மரபணுவில் இருக்கிறது. மரபணு இல்லாத பெண்ணை இயல்பான ஆணுடனும், இயல்பான பெண்ணை மரபணு இல்லாத ஆணுடனும் இணைத்தால் இரு பக்கக் குட்டிகளும் ஒரு பிரதி மட்டும் உள்ளவையாக அமையும். தாய்களை நேர்மையாக ஒப்பிடலாம். ஆனால் மெஸ்ட் போன்ற மரபணுக்களில் இந்த வழி பலிக்காது. மரபணு இல்லாத தந்தைக்குப் பிறந்த குட்டிகளில் அந்த மரபணு அறவே வேலை செய்யாது. எனவே பிறந்த ஒரு நாளுக்குள் குட்டிகளை மாற்றி வளர்ப்பதும், ஒவ்வொரு தாய்க்கும் ஒரே எண்ணிக்கையில் குட்டி விடுவதும் அவசியம்.

மாற்றி வளர்ப்பது எவ்வளவு முக்கியம் என்பதை மான்ட்ரியால் மெக்கில் பல்கலைக்கழகத்தில் சுண்டெலியைவிடப் பெரிய எலிகளில் நடந்த ஆய்வுகள் காட்டின. சில தாய் எலிகள் குட்டிகளை அதிகம் நக்கும், சில குறைவாக நக்கும். மகள்களும் தாயைப் போலவே ஆகும். பரம்பரைக் குணம் என்று எளிதில் சொல்லிவிடலாம். ஆனால் குறைவாக நக்கும் தாயின் பெண் குட்டியை அதிகம் நக்கும் தாயிடம் விட்டால், அது வளர்ப்புத் தாயைப் போல் ஆனது என்று 1999-ல் காட்டப்பட்டது. முதல் வாரத்தில் தாய் எவ்வளவு நக்கியது என்பதற்கேற்ப, மன அழுத்த ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் குளுக்கோகார்ட்டிகாய்டு ஏற்பி மரபணுவின் மீது படியும் மெத்தில் என்ற வேதிக் குறிகள் மாறியதை 2004-ல் கண்டார்கள். டிஎன்ஏ எழுத்து மாறவில்லை, அதன் செயல்பாடு மாறியது.

பிறவியிலேயே வேறுபடும் டிஎன்ஏவுக்கும் இடமுண்டு. பெரோமிஸ்கஸ் என்ற வட அமெரிக்க எலி வகையில் ஓரிணையாக வாழும் ஓர் இனத்தையும் பல இணை தேடும் ஓர் இனத்தையும் கலப்பு செய்து 2017-ல் ஆராய்ந்தபோது, பெற்றோர் நடத்தையோடு தொடர்புள்ள 12 மரபணுப் பகுதிகள் கிடைத்தன. அவற்றில் சில ஆணில் மட்டும், சில பெண்ணில் மட்டும் விளைவு காட்டின. ஒரு பகுதியிலிருந்த மரபணு உருவாக்கும் வாசோபிரெசின் என்ற ஹார்மோன் கூடு கட்டுவதை மட்டும் குறைத்தது. குட்டிகளைப் பேணும் மற்றச் செயல்கள் அப்படியே இருந்தன.