மாற்றுச் சர்வர் எப்போது பொறுப்பேற்கிறது?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருக்கும் வாசகர் கேட்கிறார்: "இடி விழுந்து ஆலையின் எடைமேடை சர்வர் போய்விட்டது. மாற்றுச் சர்வர் ஓடிக்கொண்டுதானே இருந்தது? அது ஏன் தானாக வேலைக்கு வரவில்லை? லாரிகள் ரோடு வரை நின்றன, சார்."

அங்கே இருப்பது போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள். குலை எடையோ பெரட்டுக் கணக்கோ (காலை ஆள் கணக்கு), எந்த மாற்றமும் முதலில் லாக் என்ற மாற்றப் பதிவேட்டில் ஏறும். லாக் வழக்கமாக 16 மெகாபைட் கோப்புகளாக நிரம்பி, ஆர்க்கைவ் என்ற தனிச் சேமிப்பிடத்துக்குப் போகும். மாற்றுச் சர்வர் அவற்றை வரிசையாக வாங்கி, அதே மாற்றங்களைத் தன்னிடமும் செய்துகொள்ளும். இதுவரை எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். 'லாக் முடிந்தது' என்று எந்தக் கோப்பிலும் எழுதியிருக்காது. மாற்றுச் சர்வர் அடுத்த கோப்பைக் கேட்கிறது. ஆர்க்கைவ் 'இல்லை' என்கிறது. சாதாரண நாளில் அதற்கு 'இன்னும் வரவில்லை' என்று பொருள். தன் வட்டில் தேடும், மெயின் சர்வரிடம் நேரடியாகக் கேட்கும், கிடைக்காவிட்டால் சில விநாடி கழித்து மறுபடி ஆர்க்கைவுக்கு வரும். இப்படி நாள் முழுக்கச் சுற்றும். மெயின் சர்வர் செத்ததா, ஒயர்தான் அறுந்ததா என்று அதற்குத் தெரியாது. அதனால் அது தானாகப் பொறுப்பேற்பதில்லை. மனிதரோ வேறொரு மென்பொருளோ 'இனி நீதான்' என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகும், ஆர்க்கைவில் மிச்சமிருப்பதையெல்லாம் முடித்துவிட்டே எழும். இப்போது வரும் அதே 'இல்லை'க்கு 'இதுதான் கடைசி' என்று பொருள்.

ஆர்க்கைவையே எட்ட முடியாமல் 'இல்லை' என்று வந்தால்? பாதிக் கணக்கோடு திறந்துவிடும். அதற்கும் ஒரு தடுப்பு உண்டு. ஆர்க்கைவிலிருந்து கோப்பு எடுத்துவரும் கட்டளை, முடியும்போது 125க்கு மேற்பட்ட எண்ணைத் திருப்பித் தோற்றால், அதைக் கடைசி என்று கொள்ளாமல் சர்வர் நின்றுவிடும். ஆனால் கட்டளையை எழுதுபவர் எல்லாத் தோல்விக்கும் 1 என்று திருப்பினால் இந்தத் தடுப்பு வீண். சர்வர் பெட்டிக்கு எலுமிச்சம்பழம் கட்டத் தவறாத நிர்வாகங்கள், வருடத்துக்கு ஒருமுறை மாற்றுச் சர்வரை எழுப்பி ஒத்திகை பார்க்கக் காசு ஒதுக்குவதில்லை. எனக்கு அந்தக் கோபம் உண்டு.

மாற்றுச் சர்வர் எழுந்ததும் புதுக் கிளை தொடங்குகிறது: லாக் கோப்புப் பெயரின் முதல் எட்டு இலக்கம் 00000001 என்பது 00000002 ஆகும். எங்கே பிரிந்தது என்பதும் தனிக் கோப்பில் பதிவாகும். அங்கிருந்து இரண்டு சர்வர்களின் கணக்கும் வேறு வேறு. ஆகவே பழைய சர்வர் பழுது பார்த்து வந்தால் அப்படியே ஓட விடாதீர்கள். புதியதைப் பின்தொடரும்படி மாற்றி அமையுங்கள். இடி விழுந்தபோது பாதி நிரம்பியிருந்த கோப்பு மாற்றுச் சர்வருக்கு வராமல் போயிருந்தால், அந்த எடைகளைச் சீட்டைப் பார்த்துத்தான் கிராணி மறுபடி ஏற்ற வேண்டும்.