ஐ.டி.யை விட்டு பி.எட்.டா? ராஜினாமா கடிதத்துக்கு முன் டிகிரி சான்றிதழை எடுத்துப் பாருங்கள்

தருமபுரியில் ஒரு பி.எட். கல்லூரியில் கணிதம் கற்பித்தல் பாடம் எடுக்கிறேன். சேர்க்கை நேரத்தில் வருகிறவர்களில் இப்போதெல்லாம் ஒரு புது ரகம் கண்ணில் படுகிறது. முப்பதைத் தாண்டியவர்கள், பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டியில் ஐ.டி. வேலை, ஓசூரில் வீட்டுக்கடன். வேலை போனவர்கள் உண்டு, போய்விடுமோ என்று பயந்து வருகிறவர்கள் உண்டு, வாத்தியார் வேலை நிஜமாகவே பிடித்து வருகிறவர்களும் உண்டு. யாராக இருந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "சார், வேலையில இருந்துகிட்டே பி.எட். முடிச்சிட முடியாதா?"

முடியாது. பி.எட். இப்போது இரண்டு வருடப் படிப்பு. தியரி வகுப்புக்கு 80 சதவீத வருகை வேண்டும், பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதம். அந்தப் பயிற்சியே மொத்தம் 20 வாரம், அதில் 16 வாரம் இரண்டாம் ஆண்டில் ஒரு பள்ளியில் ஆசிரியர் மாதிரியே தினமும் போய் நிற்க வேண்டும். சரி, தொலைநிலையில் படிக்கிறேன் என்பார்கள். தொலைநிலை பி.எட். ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்கும், பயிற்சி பெற்றுப் பணியில் இருக்கும் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கும் மட்டும்தான். சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் பத்து வருட அனுபவம் இருந்தாலும் அந்த வாசல் உங்களுக்குத் திறக்காது.

இங்கேதான் ஏஜென்ட் வருகிறார். நம் மாவட்டங்களின் அமைப்பு அவருக்கு வசதி. ஓசூர் தாண்டி அத்திப்பள்ளி போனால் கர்நாடகா, கிருஷ்ணகிரியில் இருந்து குப்பம் சாலையில் போனால் ஆந்திரா. "காலேஜுக்கே போக வேண்டாம், எக்ஸாமுக்கு மட்டும் வாங்க, மீதியை நாங்க பார்த்துக்கறோம்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். அப்படி வாங்கிய சான்றிதழோடு, ஒரே காலத்தில் பெங்களூரில் வேலை பார்த்ததற்கு பி.எஃப். கணக்கும் ஓடியிருந்தால், சான்றிதழ் சரிபார்ப்பில் கேட்கும் கேள்விக்கு ஏஜென்ட் வந்து பதில் சொல்லமாட்டார். அந்தப் பணத்தில் பையனுக்கு நல்ல சைக்கிள் வாங்கிக் கொடுங்கள்.

அடுத்தது இன்னும் பெரிய குழி, நன்றாக யோசிக்கிறவர்களே விழுவது. ஐ.டி.யில் இருந்தவர் இயல்பாக கம்ப்யூட்டர் சயின்ஸ் பி.எட். எடுக்க நினைப்பார். தமிழக அரசுப் பள்ளிகளில் 6 முதல் 10 வரை கணினிக்கென்று தனிப் பாடம் இல்லை, எனவே அந்தப் பாடத்துக்குப் பட்டதாரி ஆசிரியர் பணியிடமும் இல்லை. மேல்நிலை வகுப்புக்குக் கணினிப் பயிற்றுநர் உண்டு, ஆனால் அதற்கு முதுநிலைப் பட்டமும் பி.எட்.டும் சேர்ந்து வேண்டும். பி.சி.ஏ. அல்லது பி.எஸ்சி. கணினி அறிவியலோடு பி.எட். முடித்துவிட்டு வருடக்கணக்காகக் காத்திருப்பவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள், நம் பக்கமும் குறைவில்லை.

பி.இ. முடித்தவர்களின் கதை வேறு. 55 சதவீதம் இருந்தால் பி.எட். சேரலாம். டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் தேறினால் 6 முதல் 8 வரை கணித ஆசிரியராகலாம் என்று 2019 கடைசியில் அரசு வழி செய்தது. டெட் 150 கேள்வி, பொதுப்பிரிவுக்குத் தேற 90 மதிப்பெண். ஒருமுறை தேறினால் சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும். அதோடு வேலை கிடைத்துவிடாது, 2018 அரசாணைப்படி தனியாகப் போட்டித் தேர்வும் இருக்கிறது. பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்குப் போக வேண்டுமென்றால் டெட் வேண்டாம், ஆனால் அந்தப் பாடத்திலேயே முதுநிலைப் பட்டம் வேண்டும். டெட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் பாக்கி இருக்கும் பணியிலுள்ள ஆசிரியர்களே இரண்டு வருடத்துக்குள் தேற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று சொல்லிவிட்டது.

போட்டித் தேர்வில் தமிழ்த் தகுதித் தாள் ஒன்றும் உண்டு. பள்ளியில் ஹிந்தியோ பிரெஞ்சோ எடுத்துத் தப்பித்தவர்கள் இப்போதே தமிழ்ப் புத்தகத்தைத் தூசு தட்டுவது நல்லது.

பணம். அரசுப் பட்டதாரி ஆசிரியருக்கு அடிப்படைச் சம்பளமே 36,400 ரூபாயில் தொடங்கும், அகவிலைப்படி தனி. அது கடைசிப் படிக்கட்டு. அதுவரை தனியார் பள்ளி, அல்லது காலியிடம் உள்ள அரசுப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக வேலை. பட்டதாரி ஆசிரியருக்கு 15,000, முதுநிலை ஆசிரியருக்கு 18,000 என்று தொகுப்பூதியம். தங்கிப் படிக்கும் பெரிய தனியார் பள்ளிகளில் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பார்கள், பதிலுக்கு விடியற்காலை ஸ்டடியில் தொடங்கி இரவு ஸ்டடி வரை உங்கள் நாள் அவர்களுடையது. ஐ.டி. வேலையின் நேரக்கொடுமை தாங்காமல் வருகிறவர்கள் இதைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றையும் சொல்ல வேண்டும். இந்த ரகத்தில் சிலர் அருமையான ஆசிரியர்களாக வருகிறார்கள், ஆனால் அவர்கள் எதிர்பார்க்கும் காரணத்துக்காக இல்லை. டெஸ்டிங்கில் இருந்து வந்த ஒரு மாணவர், பாலக்கோடு பக்கம் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் டீச்சிங் பிராக்டிஸ். எட்டாம் வகுப்பு. கலர் கலராக ஸ்லைடு தயாரித்திருந்தார், 2x + 5 = −3. ஐந்தை அந்தப் பக்கம் கொண்டுபோய் −3 − 5 என்று எழுதி எவ்வளவு என்றார். பாதி வகுப்பு "எட்டு" என்றது. "மைனஸும் மைனஸும் பிளஸ்தானே சார்?" இவர் இன்னும் சத்தமாக விதியைச் சொன்னார். பிள்ளைகள் இன்னும் சத்தமாக எட்டு என்றார்கள். நான் பின்பெஞ்சில் அப்சர்வேஷன் நோட்டோடு உட்கார்ந்திருந்தேன்.

அன்று மாலை ஸ்லைடைத் தூக்கிப்போட்டுவிட்டு மொத்த வகுப்பின் நோட்டையும் வாங்கிப் போனார். யார் எந்த வரியில் தப்புகிறார் என்று ஒரு எக்செல் ஷீட். பெருக்கலுக்கான விதியைக் கூட்டலில் போடுகிறவர்கள் ஒரு கும்பல், அந்தப் பக்கம் கொண்டுபோகும்போது குறியை மாற்ற மறப்பவர்கள் இன்னொரு கும்பல், சிலருக்குக் கணக்கு சரி, கேள்வியின் தமிழ்தான் புரியவில்லை. மறுநாள் போர்டில் எதுவும் எழுதாமல், "மூணு ரூபா கடன் இருக்கு, இன்னும் அஞ்சு ரூபா கடன் வாங்கினா?" என்றார். வகுப்பே "எட்டு ரூபா கடன்" என்றது. ஒரு பெண் மட்டும் தயங்கி, "அப்ப மைனஸ் எட்டா சார்?" என்றாள். பிழை எங்கே பிறக்கிறது என்று சலிக்காமல் தேடும் அந்தப் பழக்கம் இருபது வயதில் நேராக பி.எட். வருகிற பிள்ளைகளிடம் அநேகமாக இருக்காது. ஸ்லைடு போடத்தான் எல்லாருக்கும் தெரியுமே.

தேன்கனிக்கோட்டை, தளி, கெலமங்கலம் பக்கம் வேலைக்குப் போட்டால் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் நிறைய. வீட்டில் தெலுங்கு பேசும் கிருஷ்ணகிரிக்காரர் அங்கே பாதி வேலையைச் சிரமமில்லாமல் முடித்துவிடுவார். அப்புறம் எமிஸ் பதிவு, அதாவது மாணவர், பள்ளி விவரங்களை அரசின் இணையதளத்தில் ஏற்றும் வேலை. கற்பிக்கத்தான் வந்தேன், டேட்டா என்ட்ரிக்கு இல்லை என்று புலம்பாத ஆசிரியரை நான் இன்னும் பார்க்கவில்லை.

யோசனையில் இருப்பவர்கள் கட்டணம் கட்டும் முன் கல்லூரிக்கு என்.சி.டி.இ. (தேசிய ஆசிரியர் கல்வி கவுன்சில்) அங்கீகாரமும் ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழக இணைப்பும் இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக வந்த டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியம்) அறிவிப்பில் கல்வித் தகுதிப் பக்கத்தை மட்டும் பிரின்ட் எடுத்து, உங்கள் டிகிரியின் பெயர் அதில் எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். இல்லையென்றால் அதில் உள்ள டிகிரிக்கு உங்களுடையது சமம் என்று சொல்லும் இணைத்தன்மை அரசாணை இருக்கிறதா என்று தேடுங்கள். இரண்டும் இல்லையென்றால் இப்போதைக்கு வேலையில் இருங்கள், எம்.எஸ்சி. கணிதத்தைத் தொலைநிலையில் படிக்க முடியுமா என்று முதலில் விசாரியுங்கள். அதற்கு யாரும் ராஜினாமா கேட்கமாட்டார்கள்.