விண்டேஜ் பிரிண்ட்: பழசு என்று பொருள் இல்லை

பழைய கைக்கடிகாரம், பழைய ஸ்கூட்டர், சாயம் போன சட்டை எல்லாமே இப்போது விண்டேஜ். செல்போனில் ஃபோட்டோவைப் பழுப்பாக்கும் ஃபில்டரும் விண்டேஜ்தான். ஆனால் ஒளிப்படம் சேகரிக்கிறவர்களும் ஏலம் விடுகிறவர்களும் இந்தச் சொல்லைப் பழசு என்ற பொருளில் சொல்வதில்லை.

சொல் பிறந்த இடம் திராட்சைத் தோட்டம். இலத்தீனில் வீனும் என்றால் திராட்சை மது, டேமெரே என்றால் பறித்தெடுப்பது. இரண்டும் சேர்ந்த விண்டேமியா, திராட்சை அறுவடை. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் விண்டேஜ் ஆனது. பிறகு ஓர் ஆண்டின் அறுவடையில் பிழிந்த மதுவையும் குறித்தது. ஆக, எத்தனை வயது என்பதல்ல, எந்த ஆண்டு என்பதே கேள்வி. நெல் வாங்குகிறவர் ‘இது எந்தப் போகம்?’ என்று கேட்பாரே, அதே கேள்வி.

ஒளிப்படத்தில் விண்டேஜ் பிரிண்ட் என்றால், நெகட்டிவ் எடுத்த சில ஆண்டுகளுக்குள் எடுத்தவரே போட்ட, அல்லது அவர் மேற்பார்வையில் போடப்பட்ட பிரிண்ட். 1941இல் எடுத்து 1975இல் போட்ட பிரிண்டுக்கு இன்று அரை நூற்றாண்டு வயது. ஆனாலும் அது விண்டேஜ் அல்ல.

ஒரே நெகட்டிவ்தானே, எப்போது போட்டால் என்ன? அமெரிக்காவின் ஆன்சல் ஆடம்ஸ் 1941இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூருக்கு மேலே நிலவு எழுவதை எடுத்தார். அந்த ஒரு நெகட்டிவிலிருந்து அவர் போட்ட பிரிண்டுகள் ஆயிரத்துக்கும் மேல். ஆரம்பகாலப் பிரிண்டுகளில் வானம் வெளிறி, மேகக் கீற்றுகள் தெரியும். பிற்காலத்தவற்றில் வானம் கரிய திரைபோல இறங்கிவிடுகிறது. பியானோ பயின்றவர் அவர். நெகட்டிவை இசைக்குறிப்புக்கும் பிரிண்டை வாசிப்புக்கும் ஒப்பிட்டார். இளவயதுக் கச்சேரியும் முதுவயதுக் கச்சேரியும் ஒன்றாகுமா?

காசு புரளும் இடத்தில் போலியும் வரும். குழந்தைத் தொழிலாளர்களைப் படமெடுத்த லூயிஸ் ஹைன் 1940இல் இறந்தார். அவருடைய விண்டேஜ் பிரிண்டுகள் என்று விற்றவற்றில் சில 1990களின் இறுதியில் சந்தேகத்துக்கு உள்ளாயின. புறஊதா விளக்கின் கீழ் காகிதம் நீலமாக ஒளிர்ந்தது. சலவைத்தூளில் சேர்க்கும் வெண்மையூட்டி போன்ற பொருள் அதில் இருந்தது. ஒளிப்படத் தாளில் அது புகுந்ததோ 1950களில். ஆள் போய்ப் பல ஆண்டுக்குப் பின் செய்த தாளில் அவர் எப்படிப் பிரிண்ட் போட்டிருப்பார்!

தமிழில் என்ன சொல்லலாம்? ‘பழைய அச்சு’ அடிப்படையிலேயே தவறு. ‘போகப் படி’ பொருளளவில் நெருங்குகிறது. ஆனால் கேட்பவர் சிரிப்பார். ஸ்டூடியோவில் ‘மூணு காப்பி போடுங்க’ என்கிறோம். அந்தக் காப்பிக்கு ஏடு எழுதிய காலத்திலிருந்தே நம்மிடம் ‘படி’ இருக்கிறது; படியெடுத்தல் இன்றும் வழக்கில் உண்டு. எனவே ‘உடன்காலப் படி’ என்பது என் பரிந்துரை. பின்னால் போட்டது ‘பிற்காலப் படி’.

டிஜிட்டலில்தான் சிக்கல். கோப்புக்குப் போகம் கிடையாது. ஆயிரமாவது நகலும் முதல் நகலும் அச்சு அசல் ஒன்றே. ஆண்டு கைகொடுக்காத இடத்தில் எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஜெர்மனியின் ஆண்ட்ரியாஸ் குர்ஸ்கி 1999இல் ரைன் ஆற்றங்கரைக் கட்டடத்தைக் கணினியில் அழித்து உருவாக்கிய படத்துக்கு ஆறு படிகள் மட்டுமே. அதில் ஒன்று 2011இல் நியூயார்க் ஏலத்தில் 43 லட்சம் டாலருக்குப் போனது. இப்படி எண் குறித்து, கையெழுத்திட்டு விற்பதை ‘எண்ணிட்ட படி’ எனலாம். ஆனாலும் உடன்காலப் படியின் மவுசு குறையவில்லை. ஒளிப்படக் கலைஞர் மேன் ரே 1924இல், ஒரு பெண்ணின் முதுகில் வயலின் துளைகளைப் பதித்துச் செய்த படத்தின் மூலப்படி 2022இல் 1 கோடியே 24 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அதே படத்தைச் செல்போனில் காசில்லாமல் பார்க்கலாம்.