ஜெல் துளிக்குள் வளரும் குடல்

பயாப்ஸிக்கு வரும் சின்ன பாட்டிலில் ஃபார்மலினில் கிடப்பது நொய்யரிசி அளவுக்கு நாலைந்து துணுக்குகள்தான். கூட வரும் சீட்டில் "ஒன்றரை வருடமாக மலத்தில் ரத்தம், மூலத்துக்கு மருந்து எடுத்தவர்" என்று எழுதியிருந்தால் ஸ்லைடைப் பார்ப்பதற்கு முன்பே எனக்கு மனம் கனத்துவிடும். நோய்க்குறியியல் மருத்துவராக நான் பார்ப்பது செத்து உறைந்த செல்களை. பெருங்குடல் புற்று என்று சொல்லிவிடுவேன். எந்த மரபணு கெட்டதால் அது கல்லீரல் வரைக்கும் போகிறது என்பதைச் சாதாரண ஸ்லைடு சொல்லாது.

அதற்கு உயிருள்ள குடல் வேண்டும். 2009-இல் நெதர்லாந்தின் யூட்ரெக்ட் நகரில், ஹான்ஸ் கிளெவர்ஸின் ஆய்வகத்தில் டோஷிரோ சாட்டோ எலிக்குடலின் ஒரே ஒரு ஸ்டெம் செல்லிலிருந்து (மற்ற குடல் செல்களை உருவாக்கும் தாய்ச் செல்) குட்டிக் குடலை வளர்த்துக் காட்டினார். 2011-இல் மனிதப் பெருங்குடலும் அப்படி வளர்ந்தது. இதைத்தான் ஆர்கனாய்டு என்கிறோம். ஐஸில் நீராக ஓடி, 37 டிகிரியில் உறைகிற ஒரு ஜெல்லில் செல்களைக் கலந்து துளியாக விடுவார்கள். சில நாளில் மைக்ரோஸ்கோப்பில் சோப்புக் குமிழி மாதிரி உருண்டைகள் தெரியும். அப்புறம் அவை மொட்டு விடும்.

ஆனால் இந்தச் செல்களுக்கு வேளாவேளைக்கு ஊட்ட வேண்டும். வின்ட், இஜிஎஃப், நாகின் என்று சில புரதங்கள் வளர்ப்பு நீரில் இல்லாவிட்டால் ஆரோக்கியமான குடல் செல் பிழைக்காது. 2015-இல் கிளெவர்ஸ் குழுவும், டோக்கியோவின் கெய்யோ பல்கலைக்கழகத்தில் சாட்டோ குழுவும் மரபணுவை வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் மூலம் ஆரோக்கியமான மனிதக் குடல் செல்லின் மரபணுக்களைத் திருத்தின. ஏபிசி மரபணு போனால் செல்லுக்கு வின்ட் தேவையில்லை. கேராஸ் மாறினால் இஜிஎஃப் தேவையில்லை. ஸ்மாட்4 போனால் நாகின் தேவையில்லை. பி53 போனால், பழுதான செல்லை நிறுத்தும் பிரேக் போய்விடும்.

2017-இல் யூட்ரெக்ட் குழு இப்படித் திருத்திய ஆர்கனாய்டுகளை எலியின் குடலில் வைத்துப் பார்த்தது. இந்த நான்கு மரபணுக்களும் மாறியவைதான் தூரத்து உறுப்பில் நன்றாக வேரூன்றின. ஒன்று குறைந்தவை தடுமாறின. குறைந்த அந்த ஊட்டத்தை வெளியிலிருந்து கொடுத்ததும் அவையும் வளர்ந்தன. வீட்டுச் சாப்பாடு இல்லாமல் வெளியூரில் பிழைக்கப் பழகிய செல்லே பரவுகிறது. பெருங்குடலின் ரத்தம் பெரும்பாலும் நேராகக் கல்லீரலுக்குத்தான் போகிறது என்பதால், அது முதலில் இறங்கும் ஊரும் பெரும்பாலும் அதுவே.

டோக்கியோ முடிவு என்னை இன்னும் யோசிக்க வைத்தது. ஆரோக்கியமான செல்லில் இந்த நான்கோடு இன்னொன்றும் சேர்த்து ஐந்து மாற்றங்களைப் புகுத்தியும் எலியின் கல்லீரலில் சிறு புள்ளிகள்தான் வந்தன. குரோமோசோம்கள் ஏற்கெனவே குலைந்திருந்த பாலிப்பின் (குடலின் உட்சுவரில் முளைக்கும் சதை வளர்ச்சி) செல்லில் புகுத்தியபோது பெரிய கட்டிகளே வளர்ந்தன. அதாவது மரபணுப் பட்டியல் மட்டும் போதாது; பாலிப்புக்குள் பல வருடமாக நடந்த குளறுபடியும் சேர வேண்டும்.

"எனக்கும் ஆர்கனாய்டு டெஸ்ட் எடுக்கலாமா டாக்டர்?" என்று கேட்கிறார்கள். இது இன்னும் பெரும்பாலும் ஆய்வுக்கான கருவிதான். ஆனால் அது காட்டும் அந்த வருடங்கள் உங்கள் கையில் இருக்கின்றன. மாற்றங்கள் ஒவ்வொன்றாகச் சேர வழக்கமாகப் பத்து வருடம் வரைகூட ஆகும். மலத்தில் ரத்தம் வந்தால், விரலால் ஆசனவாயைக்கூடப் பரிசோதிக்காமல் யாராவது மூலத்துக்கு மருந்து எழுதினால், தயவுசெய்து வேறு டாக்டரிடம் போங்கள். மூலம் இருப்பவருக்குப் புற்றும் இருக்கலாம். மலம் போகும் வழக்கம் வாரக்கணக்கில் மாறியிருந்தாலும், காரணம் தெரியாமல் ரத்தசோகை வந்தாலும் காட்டியே ஆக வேண்டும். அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர் யாருக்காவது இந்த நோய் வந்திருந்தால், தொந்தரவே இல்லாவிட்டாலும் கொலோனோஸ்கோபி (கேமராக் குழாயால் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை) எந்த வயதில் தொடங்கலாம் என்று கேளுங்கள். கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை.

போன வாரம் வந்த ஒரு பாட்டிலின் சீட்டில் "எட்டு மில்லிமீட்டர் பாலிப், முழுவதும் எடுக்கப்பட்டது" என்றிருந்தது. ஸ்லைடில் சுரப்பிகள் கொஞ்சம் நெருக்கியடித்து நின்றன, அவ்வளவுதான். எங்கும் ஊடுருவல் இல்லை. "அடினோமா, புற்று இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.