ஷெட்டில் நிற்கும் பழைய மிலிட்டரி வண்டியில் கிரைண்டர் வைப்பதற்கு முன்

சேலத்தைச் சுற்றி, முக்கியமாக ஏற்காட்டுக் காபி எஸ்டேட்களிலும் மேக்னசைட் சுரங்கப் பக்கமும், பழைய ஷெட்டைத் திறந்தால் இன்றைக்கும் ஒரு ஜீப்போ, லாரி சேஸோ, சக்கரம் வைத்த தண்ணீர் பம்போ தூசி படிந்து நிற்பதைப் பார்க்கலாம். தாத்தா காலத்தில் மிலிட்டரி ஏலத்தில் எடுத்தது என்று வீட்டில் சொல்வார்கள். பேரனுக்கு அதை ஓட வைத்துப் பார்க்க ஆசை வருகிறது, நல்ல ஆசைதான். ஆனால் என் பட்டறைக்கு வருகிற வண்டிகளில் பல, வரும்போதே யாரோ ஒருவர் கைவைத்த பிறகுதான் வருகின்றன. பழைய பெயிண்டைக் கிரைண்டர் போட்டு மொத்தமாக வழித்து, பட்டி பார்த்து, மேலே பளபளவென்று ஒரு பச்சையை அடித்திருப்பார்கள். அந்த வண்டி எங்கே ஓடியது, யாரிடம் இருந்தது என்பதற்கு ஷெட்டில் காகிதம் எதுவும் இருக்காது, அந்தப் பெயிண்ட் ஒன்றுதான் சாட்சி. அது போய்விட்டால் நான் எத்தனை புத்தகத்தைப் புரட்டினாலும் உங்கள் வண்டியின் கதையைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

அதனால் இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து முதலில் வண்டியைக் கழுவக்கூட வேண்டாம், பாருங்கள்.

பார்க்க வேண்டியது முதலில், அது இரண்டாம் உலகப் போர்க்கால வண்டிதானா என்பது. வில்லிஸ், ஃபோர்டு என்ற இரண்டு அமெரிக்கக் கம்பெனிகளும் சேர்ந்து 1941 முதல் 1945 வரை ஆறு லட்சத்துக்கும் மேல் ஜீப் செய்தார்கள். அந்த ஜீப்பின் முன் கிரில்லில் ஒன்பது நீளத் துளை இருக்கும், ஹெட்லைட் சிறியதாகக் கிரில்லுக்குப் பின்னால் உள்வாங்கி உட்கார்ந்திருக்கும், பின்பக்கம் திறக்கிற கதவு இருக்காது. (மிக ஆரம்பத்தில் வந்தவற்றில் மட்டும் கிரில் இரும்புப் பட்டைகளை வெல்டிங் செய்ததாக இருக்கும்.) ஏழு துளை, பெரிய ஹெட்லைட், பின்னால் இறக்குகிற கதவு என்றால் அது போருக்குப் பிறகு வந்த சிவில் ஜீப். பானட் தூக்கலாக உயர்ந்து நின்றால் சிஜே-3பி என்ற மாடல், மஹிந்திரா நம் நாட்டிலேயே பல வருடம் செய்தது. ஏற்காட்டில் 'இரண்டாம் உலகப் போர் ஜீப்' என்று காட்டப்படுகிறவற்றில் நிறைய இந்த வகைதான். அதில் குறைவாக நினைக்க ஒன்றுமே இல்லை, மலையில் மிளகும் காபிக் கொட்டையும் இறக்கிய வண்டி அது. அதற்கு அமெரிக்க ராணுவத்தின் வெள்ளை நட்சத்திரம் போட்டுப் போர் வண்டியாக விற்பதுதான் தப்பு.

ஃபோர்டா வில்லிஸா என்று பார்க்க வண்டிக்கு அடியில் படுத்து, ரேடியேட்டருக்குக் கீழே சேஸின் முன் குறுக்குச் சட்டத்தைத் தடவிப் பாருங்கள். உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ், கவிழ்த்த தகரப் பெட்டி போல மடித்ததாக இருந்தால் ஃபோர்டு. ஃபோர்டு தன் போல்ட் தலையில்கூட எஃப் என்ற எழுத்தைப் பதித்திருந்தது. துருப்பிடித்த போல்ட்டை கேஸ் வைத்து வெட்டித் தூக்கி எறிந்துவிட்டு கடையிலிருந்து பளிச்சென்று புதுசு போடுவது நம் ஊர் பழக்கம். மண்ணெண்ணெயில் இரண்டு நாள் ஊறவைத்துப் பொறுமையாகக் கழற்றினால் அந்த எஃப் போல்ட்டுகளில் பெரும்பகுதியைக் காப்பாற்றலாம். ஃபோர்டு சேஸில் வில்லிஸ் பாடி உட்கார்ந்திருந்தால் உடனே 'கலப்படம்' என்று ஒதுக்கிவிடவும் வேண்டாம். ராணுவப் பட்டறைகளிலேயே கைக்குக் கிடைத்த பாகத்தை மாற்றிப் போட்டிருக்கிறார்கள், அதுவும் வண்டியின் சரித்திரத்தில் சேர்த்திதான்.

சரி, பெயிண்டுக்கு வருகிறேன். வெயிலும் மழையும் படாத இடமாகத் தேட வேண்டும்: டேஷ்போர்டுக்கு அடியில், சீட்டுக்குக் கீழே, பின்னாளில் யாரோ ரிவெட் அடித்த தகட்டுக்குப் பின்னால். அங்கே ஒரு ரூபாய் நாணய அளவுக்கு வாட்டர் பேப்பரை (ஈரமாகத் தேய்க்கிற உப்புத்தாள்) தண்ணீரில் நனைத்து, 400-ம் நம்பர் தாளில் ஆரம்பித்து 1000 வரை, நடுவில் அழுத்தியும் ஓரத்தில் லேசாகவும் தேய்த்தால் ஒவ்வொரு பூச்சும் ஒரு வளையமாகத் தெரியும். உலர்ந்த பேப்பரில் தேய்க்கக் கூடாது, பழைய பெயிண்டில் ஈயம் உண்டு, அந்தத் தூள் மூச்சில் போகும். அப்படித்தான் ஒரு பஞ்சாலையிலிருந்து வந்த டிரெய்லர் பம்பை, அதாவது வண்டிக்குப் பின்னால் கட்டி இழுக்கிற தீயணைப்புப் பம்பை, தேய்த்தோம். மேலே சிவப்பு, அடியில் இன்னொரு சிவப்பு, அதற்கும் அடியில் சாம்பல், அதற்கடியில் பிரைமர். உரிமையாளர், "அண்ணா, ஃபயர் சர்வீஸ் வண்டின்னா சிவப்புதானேங்க? நல்லா ரெட்டு அடிச்சு, பித்தளையெல்லாம் பாலிஷ் போட்டுடுங்க" என்று கேட்டுக்கொண்டுதான் விட்டிருந்தார். அந்தச் சாம்பல் வளையத்தைக் காட்டியபோது அவரே குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தார்.

ஏன் சாம்பல்? பிரிட்டனில் குண்டுவீச்சுக் காலத்தில் துணைத் தீயணைப்புப் படைக்கும், 1941 ஆகஸ்டில் எல்லா ஊர்ப் படைகளையும் ஒன்றாக்கி அமைத்த தேசியத் தீயணைப்புப் படைக்கும் வண்டிகள் சாம்பல் நிறத்தில்தான் போயின. ஆட்களையும் ஹோஸையும் ஏற்றிக்கொண்டு பின்னால் டிரெய்லர் பம்பை இழுத்துப் போகும் ஆஸ்டின் கே2 வண்டி அப்படித்தான் வந்தது. வருடக் கணக்கில் எரிகிற நகரத்துக்குள் ஓட வேண்டிய வண்டிக்குப் பித்தளை பாலிஷ் போட யாருக்கும் நேரமில்லை. சிவப்பு பிறகு, அமைதி வந்ததும் அடித்தது. பச்சை நிற பெட்ஃபோர்டு தீயணைப்பு லாரியை, 'கிரீன் காடெஸ்' என்று பெயர் பெற்றதை, போர்க்கால வண்டி என்று படம் போட்டுப் பரப்புகிறார்கள், அது 1953-லிருந்து 1956-க்குள் செய்தது, போர் முடிந்து வெகு நாள் கழித்து.

இதில் எனக்கு இவ்வளவு அக்கறை ஏன் என்று கேட்டால், 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்து ஏற்றிய ஃபோர்ட் ஸ்டிக்கின் கப்பல் வெடித்தபோது தீயணைக்கப் போன 66 வீரர்கள் செத்துப்போனார்கள். அந்த நாளைத்தான் இன்றும் தீயணைப்புப் பணியாளர் நாளாக நம் நாடு முழுக்க அனுசரிக்கிறோம். அந்தக் காலத்துப் பம்ப் ஒன்று நம் கையில் கிடைத்தால் அதைக் கல்யாண ஊர்வல வண்டி மாதிரி ஜோடிப்பது எனக்கு மனசு ஒப்பவில்லை.

ராணுவ வண்டிக்கும் இதேதான். 'மிலிட்டரி கலர்' என்று ஒரே ஒரு பச்சை கிடையாது. பிரிட்டிஷ் முறையில் பச்சை நிறமிக்குத் தட்டுப்பாடு வந்ததும் பழுப்புக்கு மாறினார்கள், எஸ்.சி.சி. 2 என்ற அந்தப் பழுப்பு 1944 வரை இருந்தது, பிறகுதான் ஆலிவ். எல்லாமே மங்கலான மேட் பூச்சு. நட்சத்திரம் அமெரிக்கர்கள் 1942-ல் கொண்டுவந்தது, அதைக் கண்ட வண்டிக்கெல்லாம் போட முடியாது. இந்தியப் படைப்பிரிவுகளுக்குச் சொந்தச் சின்னங்கள் இருந்தன: 4-வது டிவிஷனுக்குச் சிவப்புக் கழுகு, பர்மாவில் சண்டையிட்ட 17-வது டிவிஷனுக்குக் கறுப்புப் பூனை. வளையத்தில் தடயம் கிடைத்தால் போடலாம். கிடைக்கவில்லை என்றால் அந்த இடத்தை வெறுமையாக விடுங்கள். அழகாக இருக்கிறதே என்று பூனையை வரைவது, அந்தப் படையில் போய்த் திரும்பாதவர்களின் பெயரை எடுத்துக்கொள்வதாகும்.

இப்போது சொல்லப்போவது சரித்திரத்தைவிட அவசரமானது. கனடாவில் ஃபோர்டும் செவர்லேயும் ராணுவத்துக்காகச் செய்த சப்பை மூக்கு லாரிகள் போருக்குப் பின் நம் நாட்டில் பஸ்ஸாகவும் சரக்கு லாரியாகவும் மாறின. விமானத்தின் கண்ணுக்கு வெயில் மின்னாதபடி மேல்பக்கம் முன்னால் சாய்ந்த கண்ணாடி இருந்தால் அது கடைசி வகைக் கேபின். இவற்றின் சக்கரம் ஒரே டிஸ்க் அல்ல, இரண்டு பாதிகளைச் சேர்த்து நட்டு போட்டு இறுக்கியது. அதனால் சக்கரத்தில் இரண்டு வட்டமாக நட்டு இருக்கும். உள்வட்டம் சக்கரத்தை ஹப்பில் பிடிக்கிறது. வெளிவட்டம் அந்த இரண்டு பாதிகளையும் பிடிக்கிறது. டயரில் காற்று இருக்கும்போது வெளிவட்டத்தைத் தளர்த்தினால் பாதி ரிம் பீரங்கிக் குண்டு வேகத்தில் பிய்த்துக்கொண்டு வரும், எதிரே குனிந்திருக்கிறவர் பிழைக்க வழியில்லை. அந்தக் காலத்திலேயே இது தெரிந்து, வெளிவட்ட நட்டுகளுக்குச் சிவப்பு அடித்து வைத்தார்கள். மறுசீரமைப்பு என்ற பெயரில் சக்கரம் முழுக்க ஸ்பிரே கன்னில் பச்சை அடித்துவிட்டால் அந்த எச்சரிக்கை மறைந்துபோகிறது, பங்சர் கடைப் பையனுக்கு எந்த நட்டு எது என்று எப்படித் தெரியும்? ஜீப்பின் போர்க்கால ரிம்மும் இதே மாதிரி இரண்டு பாதிதான். வால்வுப் பின்னைக் கழற்றிக் காற்று முழுக்க இறங்கியதைப் பார்த்த பிறகே சக்கரத்தில் ஸ்பேனர் வைக்க வேண்டும், சிவப்பைத் திரும்பச் சிவப்பாகவே அடிக்க வேண்டும். பட்டறை வைத்திருக்கிற தம்பிகள் இந்த ஒரு பத்தியையாவது கூட வேலை செய்கிறவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

பிரேக் டிரம்மைத் திறக்கும்போது கம்ப்ரஸர் காற்று அடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ், ஈரத் துணியால் துடைத்து எடுங்கள். போர்க்கால ஜீப்பில் வயரிங் 6 வோல்ட், கேபிள் தடிமனாக இருக்க வேண்டும், மெல்லிய வயர் போட்டுவிட்டு ஸ்டார்ட் ஆகவில்லை என்று டைனமோவைக் குறை சொல்லிப் பயனில்லை.

பேப்பர் விஷயமும் பார்க்க வேண்டும். 2021-ல் மத்திய அரசு வின்டேஜ் வண்டிகளுக்குத் தனிப் பதிவு கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டி, சேஸ், பாடி, இன்ஜின் பெரிதாக மாற்றப்படாமல் ஒரிஜினலாக இருக்க வேண்டும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், நம்பரில் வி.ஏ. என்ற எழுத்து வரும், தினசரி ஓட்டவோ வாடகைக்கு விடவோ கூடாது. எனவே டீசல் செலவு குறைவு என்று மெட்டடார் வேன் இன்ஜினை ஏற்றிய ஜீப்புக்கு இந்த வழி சிக்கலாகிவிடும். பழைய பெட்ரோல் இன்ஜின் ஷெட்டில் கிடந்தால் அதை எடைக்குப் போடாமல் முதலில் அதைத் திறந்து பாருங்கள். இன்னொன்று பலருக்குத் தெரியாது: பாதுகாப்புத் துறை அல்லாத வண்டிக்கு ஆலிவ் பச்சை அடிக்க மோட்டார் வாகன விதி அனுமதிப்பதில்லை. சரித்திரப்படி சரியான நிறமாகவே இருந்தாலும் ரோட்டில் ஓட்டினால் பிடிப்பார்கள். எனவே ரோட்டில் ஓட்டத்தான் வேண்டும் என்கிறவர்களுக்கு, வளையத்தில் தெரிகிற எஸ்டேட் காலத்து நிறத்தையே நான் சிபாரிசு செய்கிறேன். அதுவும் அந்த வண்டி உண்மையாகவே போட்டிருந்த நிறம்தான், ராணுவத்தில் இருந்ததைவிட மலையில் இருந்த வருடங்கள்தான் பெரும்பாலும் அதிகம். அடியில் இருக்கிற பழைய பூச்சை ஒரு சின்னச் சதுரத்துக்கு அப்படியே விட்டு வார்னிஷ் அடித்து வைப்போம், அடுத்து யார் எடுத்தாலும் பார்த்துக்கொள்ளலாம்.

வண்டியைப் பட்டறைக்கு அனுப்பும்போது, ஷெட் மூலையில் கிடக்கிற தகரம், உடைந்த மீட்டர், எழுத்து அழிந்த பிளேட் எல்லாவற்றையும் சேர்த்தே ஏற்றி அனுப்புங்கள். டேஷ்போர்டு பிளேட்டில் வண்டி டெலிவரி ஆன தேதி அடித்திருக்கும், இடத்தைச் சுத்தம் செய்கிறேன் என்று பழைய இரும்புக் கடைக்கு முதலில் போவது அதுதான்.