ரோமிங்: சொல்லும் அதற்கான தமிழும்

கன்னியாகுமரி மாவட்டத்தில் கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளை, பனச்சமூடு, நீரோடி பக்கம் குடியிருப்பவர்களுக்கு ரோமிங் என்ற சொல்லை யாரும் சொல்லித்தர வேண்டாம். வீட்டுக்குள் இருக்கும்போதே செல்போன் திரையில் சிக்னல் கோட்டுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு ஆர் எழுத்து வந்து நிற்கும், கேரளாவுக்கு வரவேற்கிறோம் என்று எஸ்.எம்.எஸ் வரும், நாம் கூப்பிட்ட எண் கிடைக்காவிட்டால் மலையாளத்தில் பதிவுக் குரல் பேசும். ஆள் எங்கேயும் போகவில்லை. அதனால்தான் ரோமிங் என்பதற்கு "சுற்றித் திரிதல்", "உலாவல்" என்று எழுதுவதை என்னால் ஏற்க முடிவதில்லை.

ஆங்கிலத்தில் அந்த வினைச்சொல்லுக்குப் பொருள் என்னவோ அதுதான். குறிப்பிட்ட இலக்கு இல்லாமல் பரந்த இடத்தில் திரிவது. ரோம் நகருக்கு யாத்திரை போனவர்களை வைத்து வந்த சொல் என்று ஒரு கதை உண்டு, அகராதிக்காரர்கள் அதை ஒத்துக்கொள்வதில்லை. இடைக்கால ஆங்கிலத்திலேயே இருந்த சொல், அதற்கு முந்தைய வேர் தெளிவாக இல்லை. செல்போன் வந்தபோது பொறியாளர்கள் இதை எடுத்துக்கொண்டார்கள். 1987 செப்டம்பரில் கோபன்ஹேகனில் ஐரோப்பிய நாடுகளின் தொலைபேசி நிறுவனங்கள் பொதுவான ஒரு முறைக்கு, அதாவது ஜி.எஸ்.எம் என்று பின்னால் நாம் அறிந்த முறைக்கு, ஒப்பந்தம் போட்டபோது அதன் முக்கியமான நோக்கங்களில் ஒன்று ஒரு நாட்டு போன் இன்னொரு நாட்டிலும் வேலை செய்ய வேண்டும் என்பது. 1992இல் பின்லாந்து நிறுவனம் ஒன்றும் பிரிட்டன் நிறுவனம் ஒன்றும் முதல் பன்னாட்டு ரோமிங் உடன்பாட்டைச் செய்தன. அந்தக் காலத்தில் பார்வை வாடிக்கையாளர் மேல் இருந்தது, அவர் பயணம் போகிறார், அதனால் சொல்லும் பயணத்தை ஒட்டி அமைந்துவிட்டது.

உள்ளே நடப்பது என்ன என்று பார்த்தால் பயணம் அதில் இரண்டாம்பட்சம்தான். சிம் கார்டுக்குள் 15 இலக்கம் வரை நீளும் ஓர் அடையாள எண் இருக்கிறது, நாம் மற்றவர்களுக்குக் கொடுக்கும் போன் எண் அல்ல, அது வேறு. அதன் முதல் மூன்று இலக்கம் நாட்டைக் காட்டும், இந்தியாவுக்கு 404 அல்லது 405. அடுத்து வருவது நிறுவனத்துக்கு உரியது. நம் ஊரில் ஒரு விசேஷம், ஒரே நிறுவனமாக இருந்தாலும் தமிழ்நாட்டுக்கு ஓர் எண், கேரளாவுக்கு வேறு எண். ஒவ்வொரு டவரும் தன் வலையமைப்பின் எண்ணை ஓயாமல் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். போன் அதைக் கேட்டு சிம்மில் உள்ளதோடு ஒப்பிட்டு, நம்முடையது என்றால் சேரும், இல்லையென்றால் அனுமதி இருக்கும் வேறொன்றைத் தேடும். அப்படி வேறொன்றில் சேர்ந்ததும் அந்த வலையமைப்பு நம் சொந்த நிறுவனத்தின் பதிவேட்டைக் கேட்கும், இந்த ஆள் உங்களுடையவரா, விடலாமா என்று. சரி என்று பதில் வந்தால் தன்னுடைய பதிவேட்டில் தற்காலிகமாக எழுதிக்கொள்ளும். பொறியாளர்களே இந்த இரண்டுக்கும் வைத்த பெயர் வீட்டுப் பதிவேடு, விருந்தாளிப் பதிவேடு. நமக்கு யாராவது கூப்பிட்டால் அழைப்பு முதலில் வீட்டுப் பதிவேட்டைக் கேட்டு, அது காட்டும் வழியில் இப்போது இருக்கும் வலைக்குப் போகும். இவ்வளவுதான் ரோமிங்: நம் எண்ணை இன்னொரு வலை, உடன்பாட்டின் பேரில், கொஞ்ச நேரம் ஏற்று வைத்துக்கொள்வது.

எல்லையோரத்தில் இருப்பவர்கள் அடிக்கடி கேட்பது, திரும்பி தமிழ்நாட்டுப் பக்கம் மார்த்தாண்டம் வந்த பிறகும் ஏன் ஆர் எழுத்து போகவில்லை என்று. காரணம் இதுதான். போன் ஒரு வலையில் ஒழுங்காகச் சேர்ந்து சிக்னலும் நன்றாக இருந்தால், சொந்த வலை பக்கத்தில் வந்துவிட்டதா என்று நொடிக்கு நொடி தேடாது, பேட்டரி தீர்ந்துவிடும். சிம்மில் குறித்திருக்கும் இடைவெளியில்தான் தேடும், 6 நிமிடத்திலிருந்து 8 மணி நேரம் வரை அதை வைக்கலாம், ஒன்றும் குறிக்காவிட்டால் 60 நிமிடம். அவசரமென்றால் ஏரோபிளேன் மோடைப் போட்டு எடுத்தால் புதிதாகத் தேடத் தொடங்கும். வீட்டிலேயே இந்தத் தொல்லை என்றால் போனின் நெட்வொர்க் அமைப்பில் தானாகத் தேர்ந்தெடு என்பதை அணைத்துவிட்டு, தமிழ்நாட்டு வலையை நாமே தேர்ந்தெடுத்து வைக்கலாம். அப்புறம் திருவனந்தபுரம் போகும்போது மறக்காமல் பழையபடி மாற்ற வேண்டும், இல்லையென்றால் சிக்னலே இருக்காது.

இதோடு குழப்பிக்கொள்ளும் இன்னொன்று, பேசிக்கொண்டே பஸ்ஸில் போகும்போது ஒரு டவரிலிருந்து அடுத்த டவருக்கு அழைப்பு மாறுவது. அது ரோமிங் அல்ல, கைமாறல். சும்மா இருக்கும்போது எந்த டவர் என்பதைப் போன் முடிவுசெய்யும். பேசும்போது வலையமைப்பு முடிவுசெய்யும், போன் அளந்து சொல்லும் சிக்னல் கணக்கை வைத்து. எல்லையைத் தாண்டும்போது நிறுவனம் தன் இரண்டு மாநில வலைகளையும் சமமாக அமைத்திருந்தால் பேச்சு அறாமல் போகும், இல்லாவிட்டால் அறுந்து மறுபடி கூப்பிட வேண்டியதுதான்.

இந்தியாவில் இந்தச் சொல்லுக்கு வந்த பொருளே தனி. மற்ற நாடுகளில் தேசிய ரோமிங் என்றால், அதே நாட்டுக்குள் நம் நிறுவனத்துக்கு டவர் இல்லாத இடத்தில் போட்டி நிறுவனத்தின் டவரில் சேர்வது. இங்கே நாட்டை 22 வட்டங்களாகப் பிரித்து உரிமம் கொடுத்ததால், வட்டத்தைத் தாண்டினாலே, அதே நிறுவனத்தின் டவராக இருந்தாலும், ரோமிங் ஆகிவிட்டது. 1956 நவம்பர் 1இல் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து நம் நான்கு தாலுகாக்கள் பிரிந்து தமிழகத்தோடு சேர்ந்தபோது ஏற்பட்ட எல்லைதான் நமக்கு செல்போன் வட்டத்தின் எல்லையும். கேரளப் பக்கம் பாறசாலையில் பெண் கொடுத்து, களியக்காவிளைச் சந்தையில் வியாபாரம் செய்து, திருவனந்தபுரத்தில் வைத்தியம் பார்க்கும் குடும்பத்துக்கு வருகிற அழைப்புக்கும் காசு என்றால் எவ்வளவு அநியாயம்! 2015 மே மாதம் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் கட்டண உச்சவரம்பைக் குறைத்த பிறகும் ரோமிங்கில் வரும் அழைப்புக்கு நிமிடத்துக்கு 45 பைசா வரை வாங்கலாம் என்றுதான் இருந்தது. 2016இல் ஜியோ ரோமிங் கட்டணமே இல்லாமல் வந்து, 2017 வாக்கில் மற்ற பெரிய நிறுவனங்களும் அதைக் கைவிட்ட பிறகுதான் அந்தப் பாரம் இறங்கியது.

உலகம் தேசிய ரோமிங் என்று சொல்வதற்கு இங்கே வட்டத்துக்குள் ரோமிங் என்று பெயர். 2025 ஜனவரியில் மத்திய தொலைத்தொடர்புத் துறை, அரசு நிதியில் கட்டிய 4ஜி டவர்களில் பி.எஸ்.என்.எல், ஏர்டெல், ஜியோ மூன்றின் வாடிக்கையாளரும் யாருடைய டவராக இருந்தாலும் சேரலாம் என்று தொடங்கி வைத்தது. புயல் நேரத்திலும் சில நாட்களுக்கு இப்படித் திறந்துவிடச் சொல்வது உண்டு. 2017 நவம்பர் 30இல் ஒக்கி அடித்து, கம்பமெல்லாம் சாய்ந்து, கரண்ட் இல்லாமல் டவர்கள் ஒவ்வொன்றாக அடங்கியதைப் பார்த்தவர்களுக்கு, எஞ்சி நிற்கும் ஒரு டவர் எல்லாருக்கும் பொதுவாக இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். பேச்சிப்பாறைக்கு மேலே மலைக்குடியிருப்புகளில் மழைக்காலத்துக்கு மட்டுமல்ல, எல்லா நாளுக்கும் இந்த ஏற்பாடு வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சரி, தமிழில் என்ன சொல்வது? அலைதல் என்றால் வீண் அலைச்சல் என்ற பொருள் ஒட்டிக்கொள்கிறது, வானொலி அலையோடும் குழம்பும். உலாவல் கேட்க அழகு, ஆனால் உலாவி என்பதை இணையம் பார்க்கும் மென்பொருளுக்குக் கொடுத்தாகிவிட்டது. இரண்டுமே ஆளை நடக்கவிடுகின்றன. நீரோடியில் வீட்டில் இருப்பவரை அவை விளக்காது. நான் அயல்வலை என்று சொல்வேன். அயல் என்பதில் அந்நியம் மட்டுமல்ல, பக்கத்து வீடும் இருக்கிறது, அயலார் என்றால் அண்டை வீட்டார்தானே. மலையாளத்திலும் அயல்க்காரன், அயல்க்கூட்டம் என்று அதே பொருளில் வழங்குவதால் எல்லைக்கு இரண்டு பக்கமும் விளங்கும். போன் அயல்வலையில் இருக்கிறது, அயல்வலைக் கட்டணம், உள்நாட்டு அயல்வலை, பன்னாட்டு அயல்வலை, வட்டத்துக்குள் அயல்வலை என்று எல்லா இடத்திலும் வளைந்து கொடுக்கிறது.

வளைகுடாவில் வேலை செய்பவர்கள் வங்கி ஓ.டி.பிக்காக ஊர் சிம்மைப் போனில் வைத்திருக்கிறார்களே, அதுவும் பன்னாட்டு அயல்வலைதான். அவர்கள் டேட்டா ரோமிங் என்ற பொத்தானை அணைத்தே வைத்திருப்பது நல்லது. எல்லையோரத்தில் இருக்கிற நாம், சில போன்களில், நெட் வேண்டுமென்றால் அதே பொத்தானைப் போட்டுத்தான் ஆக வேண்டும்.